உன்சில் ஆடப் போன புதன்கிழமை

தென்கொரியாவின் மாசான் நகரில், மலையடிவாரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றின் சமையல்கூடத்தில் நான்கு பெண்கள் வேலை பார்த்தார்கள். ஐந்நூற்று எண்பது பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் மதியச் சாப்பாடு. சோறு, சூப்பு, மூன்று தொடுகறி, கிம்ச்சி என்கிற காரக் கோசு ஊறுகாய். காலை ஏழரைக்கு ரப்பர் பூட்ஸும் தலைத்துணியும் மாட்டிக்கொண்டு உள்ளே போனால் மாலை நான்கு மணிக்குத்தான் வெளிக்காற்று. நால்வரில் இளையவள் தாக் உன்சில். அவளுக்கே நாற்பது வயது.

உன்சிலின் விரல் கணுக்கள் எப்போதும் வீங்கியிருக்கும். மண்வெட்டி அளவுத் துடுப்பைப் போட்டுக் கொப்பரையைக் கிளறுகிறவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான். அந்தக் கை ஒரு காலத்தில் நிமிடத்துக்கு முந்நூறு தடவை விசைப்பலகையைத் தட்டிய கை, அதற்கென்று தனியாகக் கேமரா வைத்துத் தொலைக்காட்சியில் காட்டிய கை என்று யாருக்கும் தெரியாது. அவளும் சொன்னதில்லை. கேட்டால், "சின்ன வயசுல சியோல்ல ஒரு கம்பெனியில இருந்தேன்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

ஒருவகையில் அது உண்மைதான். கம்பெனி பெயரில்தான் அவள் ஆடிய கணினி விளையாட்டு அணி இருந்தது. திரையில் வானத்திலிருந்து பார்ப்பதுபோல ஒரு நிலம் தெரியும். அதில் தாது வெட்டி, கூடு கட்டி, படை திரட்டி, எதிராளியின் குடியிருப்பை அழிக்க வேண்டும். நாடே அந்த விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. உன்சில் பூச்சிப் படையை ஆடுவாள். பதினேழு வயதில் மாசான் கடைத்தெருவில், மணிக்கணக்கில் காசு கொடுத்து ஆடும் கணினிக் கடையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தவளை அவளுடைய அப்பா மான்சூ தலைமுடியைப் பிடித்துத் தெருவரை இழுத்துக்கொண்டு போனார். அடுத்த ஆண்டே அவள் ஒரு பையை எடுத்துக்கொண்டு சியோலுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

பெண்களுக்கென்று தனிப் போட்டித் தொடர் மூன்று ஆண்டுகள் நடந்தது. அதில் இரண்டு முறை கோப்பை வாங்கினாள். பிறகு விளம்பரதாரர் விலகிக்கொள்ள, தொடர் நின்றுபோனது. ஆண்கள் அணி ஒன்று அவளைச் சேர்த்துக்கொண்டது. அணியின் வீட்டில் பையன்கள் மட்டும்தான் தங்கலாம் என்பதால் அவள் பக்கத்துச் சந்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருந்தாள். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, பையன்கள் பெரிய போட்டிக்குப் பழகுவதற்கு எதிராளியாக உட்காருவாள். விளம்பரப் படம் எடுக்கும் நாளில் மட்டும் அவளை நடுவில் நிறுத்துவார்கள். "அடுத்த வாரம் உன்னை இறக்குறேன்" என்று பயிற்சியாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அடுத்த வாரம் இரண்டு ஆண்டுகளாக வரவேயில்லை.

ஒரே ஒரு தடவை மட்டும் அவள் பெரிய மேடையின் வாசல்வரை போனாள். பெரிய தொடருக்கான தகுதிச் சுற்றில் எல்லாரையும் வென்று கடைசி ஆட்டத்துக்கு வந்தாள். எதிரில் அதே அணிப் பையன் பியோ கிஜுன். அவளைவிட ஒரு வயது இளையவன். தினமும் அவளோடு பழகியவன். ஆட்டத்துக்கு முன்னால் பயிற்சியாளர் அவளைப் படிக்கட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்: "நீ மேல போனா ஒரு வாரம் வேடிக்கை பார்ப்பாங்க. அவன் போனா பத்து வருஷம் ஆடுவான். அணிக்காகப் பண்ணு." உன்சில் உள்ளே போய், வேவு பார்க்க அனுப்ப வேண்டிய பூச்சியை அனுப்பாமல் கூட்டிலேயே வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு நிமிடத்தில் தோற்றாள். கிஜுன் பத்து வருஷம் ஆடினான். அவள் அடுத்த மாதமே ஊர் திரும்பினாள்.

பிறகு கல்யாணம், ஆறு ஆண்டுகளில் விவாகரத்து, ஒரு மீன் தொழிற்சாலை, கடைசியில் இந்தச் சமையல்கூடம். அம்மா இறந்த பிறகு அப்பாவோடு வந்து தங்கினாள். மான்சூவுக்கு எழுபத்தொன்று. இளவயதில் இயந்திரத் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் பொறியில் மாட்டி வலது கையில் மூன்று விரல்கள் போனவர். மிச்சம் இருக்கும் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் வைத்து நண்டு மாதிரி எல்லாவற்றையும் பிடிப்பார். வாய் மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

அந்த மார்ச் மாதம் உன்சிலுக்கு ஒரு செய்தி வந்தது. பழைய விளையாட்டை வைத்து மறுபடி தொடர் நடத்தப் போகிறார்கள். திறப்பு விழாவில் அந்தக் காலத்து நட்சத்திரங்களின் காட்சி ஆட்டம் உண்டு. அவள் பழைய அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து ஆடினால் நன்றாக இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். அவள் முடியாது என்று பதில் போட்டாள். ஆனால் அந்த அறிவிப்பின் அடியில் இருந்த ஒரு வரியை மட்டும் மூன்று நாள் திரும்பத் திரும்பப் படித்தாள். தகுதிச் சுற்றில் யாரும் கலந்துகொள்ளலாம், வயது வரம்பு இல்லை.

வீட்டில் இணைய இணைப்பு அப்பாவின் அறையில்தான் இருந்தது. பழைய கணினியை அங்கே வைத்து, மாலை நாலரைக்கு உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம்வரை ஆடுவாள். விரல்களில் மருத்துவ நாடாவைச் சுற்றிக்கொள்வாள். மான்சூ பின்னால் மெத்தையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பார்.

"நாப்பது வயசுல பூச்சி மேய்க்கிறா பாரு."

"அப்பா, சும்மா டிவியப் பாருங்க."

"டிவியில செத்தவன் கதைதான் வருது. இது பரவாயில்ல, நீ செத்துக்கிட்டே இருக்கே, நேர்லயே பாக்கலாம்."

அவர் சொன்னது சரிதான். முதல் மாதம் அவள் செத்துக்கொண்டேதான் இருந்தாள். கண் பார்த்ததைக் கை செய்வதற்குள் எதிராளி இரண்டு காரியம் முடித்திருப்பான். ஆனால் எங்கே எப்போது அடி விழும் என்பதை மண்டை மறக்கவில்லை. வேகத்தில் தோற்றதை ஊகத்தில் ஈடுகட்டப் பழகினாள். மே மாதத்தில் பத்துக்கு ஆறு ஜெயித்தாள்.

தகுதிச் சுற்று ஒரு புதன்கிழமை வந்தது. சமையல்கூடத்தில் லீவு எடுப்பது லேசான காரியமில்லை. மாற்று ஆள் கேட்டு எழுதிப் போடலாம்; ஆள் வரமாட்டாள். மீதி மூன்று பேரும் நாலு பேர் வேலையைப் பார்க்க வேண்டும். அதனால் சாவு, ஆஸ்பத்திரி தவிர வேறு எதற்கும் யாரும் லீவு கேட்பதில்லை. கணினியில் பூச்சிப் படை ஆடப் போகிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள், இல்லையென்றால் காறித் துப்புவார்கள். உன்சில் பொய் சொன்னாள். அப்பாவுக்கு நுரையீரல் படம் எடுக்க வேண்டும் என்றாள்.

மாங் சுன்ஜாதான் அங்கே மூத்தவள். ஐம்பத்தேழு வயது, கணவன் இல்லை, கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு மகன். மதியம் எல்லோருக்கும் பரிமாறி முடித்ததும், கவிழ்த்துப் போட்ட கூடைமேல் உட்கார்ந்து உன்சிலோடுதான் சாப்பிடுவாள்.

"அப்பாவுக்கு ரொம்ப நாளா இருமலா?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாளா, அக்கா."

"போயிட்டு வா. புதன்கிழமை மாட்டிறைச்சி முள்ளங்கி சூப்பு. நாங்க மூணு பேரும் செத்தோம்னு வச்சுக்கோ." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். "உன் பக்கத்தையும் நானே தூக்கிக்கிறேன். மூஞ்சிய அப்படி வச்சுக்காதே, சூப்புக்கு உப்பே வேண்டாம்போல இருக்கு. அப்பாவுக்கு ஒண்ணும் இல்லேன்னு சேதி கொண்டா, அது போதும்."

உன்சில் தட்டில் மிச்சமிருந்ததைக் கழிவு வாளியில் கொட்டினாள். ஆனாலும் போனாள்.

சியோலில் போட்டி நடந்த கணினிக் கடையின் வாசலில் அடையாள அட்டை கொடுத்துக்கொண்டிருந்த பையன் அவளைத் தடுத்தான். "அம்மா, பசங்களோட வந்தவங்க எல்லாம் கீழ காப்பிக் கடையில உக்காரணும்."

"நான் யாரோடவும் வரல. பட்டியல்ல தாக் உன்சில்னு இருக்கும், பாரு தம்பி."

அவன் பட்டியலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எழுந்து நின்று இரண்டு கையாலும் அட்டையைக் கொடுத்தான்.

மூன்று சுற்றுகள். முதல் பையன் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆடி, சிரித்துக்கொண்டே தோற்றான். இரண்டாவது ஆள் அவளுக்குத் தெரிந்தவன்தான், பழைய காலத்து ஆட்டக்காரன், தொப்பை போட்டிருந்தான். இருவருக்குமே மூச்சு வாங்கியது; கடைசியில் அவள் ஜெயித்தாள். கடைசி ஆள் வேகக்காரன். அவனோடு முட்டினால் ஐந்து நிமிடம் தாங்காது என்று தெரிந்ததும் முட்டுவதையே விட்டாள். அவன் படை வெளியே கிளம்பட்டும் என்று காத்திருந்து, வரைபடத்தின் ஓரமாகவே எட்டுப் பூச்சிகளை ஊர்ந்து போகவிட்டு, அவன் தாது வெட்டுகிற இடத்தில் புகுத்தினாள். அவன் திரும்பி வருவதற்குள் அங்கே வெட்ட ஆளில்லை. நாடாவுக்குள் விரல்கள் கொதித்துக்கொண்டிருந்தன. எதிரில் இருந்தவன் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்ததைப் பார்த்த பிறகுதான் ஜெயித்துவிட்டோம் என்பதே உறைத்தது. அவளுக்கு அழ வேண்டும் போலிருந்தது. கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள். ஆனால் அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. தனியாக நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரிய தொடரின் பதினாறு பேரில் ஒருத்தி. பதினெட்டு ஆண்டுகள் தாமதமாக.

பஸ் நிலையத்துக்கு வந்துதான் கைப்பேசியை எடுத்தாள். பதினான்கு அழைப்புகள். பள்ளியின் உணவுப் பொறுப்பாளர் ஒரு செய்தியும் போட்டிருந்தார். சுன்ஜாவின் கால்கள் வெந்துவிட்டன, தீக்காய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, நாளை சீக்கிரம் வர முடியுமா.

நடந்ததை மறுநாள் காலை மற்ற இரண்டு பெண்களும் சொன்னார்கள். கொப்பரையிலிருந்து சூப்பை இறக்கிய பெரிய பாத்திரத்துக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. ஒரு பக்கம் சுன்ஜா, மறுபக்கம் உன்சில் என்று தூக்கித் தள்ளுவண்டியில் வைப்பது வழக்கம். அன்று மணியாகிவிட்டது, மற்ற இருவரும் பொரியலிலும் சோற்றிலும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சுன்ஜா பாத்திரத்தை மார்போடு அணைத்துத் தனியாகவே தூக்கினாள். தரையில் எண்ணெய். பாத்திரம் சரிந்து கொதிக்கக் கொதிக்கச் சூப்பு இரண்டு பூட்ஸுக்குள்ளும் இறங்கியது.

"பூட்ஸக் கழட்ட முடியல, உன்சில். கழட்டினா தோலும் சேந்து வருது. கத்திரியால வெட்டினோம்" என்றாள் அவர்களில் ஒருத்தி; சொல்லி முடித்ததும் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். பிறகு மூன்று பேருமாகத் தரையைக் கழுவி அன்றைய சமையலை ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு வேண்டுமே.

அன்று மாலை உன்சில் கணினியைத் திறக்கவில்லை. அப்பாவின் அறை வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பொய் சொன்னதையும் சொன்னாள். மான்சூ திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"என் பொறிக்கு ரெண்டு ஆள் வேணும்" என்றார். "ஒருத்தன் தகடு வைக்கணும், இன்னொருத்தன் விசையப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அன்னைக்கு விசை பிடிக்கிற ஒக் தல்சூ, வயித்துவலின்னு சொல்லிட்டுப் போயிட்டான். குத்துச்சண்டை பாக்கப் போயிருந்தான். நான் தனியா ஓட்டினேன்."

உன்சிலுக்கு இது தெரியாது. நாற்பது ஆண்டுகளில் அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒரு பெட்டி பேரிக்காய் தூக்கிக்கிட்டு வருவான். நான் கதவத் திறக்கமாட்டேன். வாசல்ல வச்சுட்டுப் போவான். உங்கம்மா எடுத்து அக்கம்பக்கத்துல குடுத்துருவா. பதினோரு வருஷம் வந்தான். அதுக்கப்புறம் வரல."

"செத்துட்டாரா?"

"எனக்கெப்படித் தெரியும்? கதவத்தான் திறக்கலியே." மான்சூ சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "பேரிக்காய் தின்ன யாருக்கு வேணும்? எங்க போயிருந்தேன்னு அவன் வாயால சொல்லியிருக்கணும். அதையும் ஊர்க்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது."

மறுநாள் வேலை முடிந்ததும் உன்சில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சுன்ஜாவின் இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தன. தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வலி மருந்தின் மயக்கத்திலும் உன்சிலைப் பார்த்ததும் சுன்ஜாவின் முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா? அப்பாவுக்கு என்ன சொன்னாங்க?"

உன்சில் கட்டிலருகே நின்றாள். உட்கார மனம் வரவில்லை.

"அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, அக்கா. நான் ஆஸ்பத்திரிக்குப் போகல. பொய் சொன்னேன். சியோல்ல கணினி விளையாட்டுப் போட்டி. அதுல ஆடப் போயிருந்தேன்."

சுன்ஜாவுக்கு முதலில் புரியவில்லை. "யாரு ஆடினா?" என்றாள்.

"நான்தான். சின்ன வயசுல அதுதான் என் தொழில். யார்கிட்டயும் சொன்னதில்ல."

அடுத்த கட்டிலில் இருந்த கிழவி தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தாள். சுன்ஜா உன்சிலின் கைகளைப் பார்த்தாள். பிறகு தன் கால்களைப் பார்த்தாள்.

"ஜெயிச்சியா?"

"ஜெயிச்சேன்."

"எத்தன மணிக்கு?"

"மூணு மணி இருக்கும்."

"மூணு மணிக்கு எனக்குத் தோலச் சுரண்டிக்கிட்டிருந்தாங்க" என்றாள் சுன்ஜா. குரலை உயர்த்தவே இல்லை. "வெளிய போ, உன்சில்."

அடுத்த வாரமும் போனாள். சுன்ஜாவின் மகன் அறை வாசலிலேயே நிறுத்தி, "அம்மா தூங்குறாங்க" என்றான். கதவு பாதி திறந்திருந்தது. சுன்ஜா விழித்துக்கொண்டுதான் இருந்தாள். அதன்பிறகு உன்சில் போகவில்லை.

பெரிய தொடரில் அவளுடைய முதல் ஆட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. விலகிக்கொள்கிறேன் என்று அமைப்பாளர்களுக்கு எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தாள். விலகினால் சுன்ஜாவின் கால் ஆறிவிடாது. போனால் இன்னொரு புண்ணாகிவிடும். இரண்டையும் எடை போட்டுப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கடைசியில் அவளைப் போகவைத்தது நியாயமோ தர்மமோ எதுவும் இல்லை. போக ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். அதை அவள் தன்னிடம் மறைத்துக்கொள்ளவில்லை. அந்த ஆட்டம் சனிக்கிழமை வந்தது மட்டும்தான் ஒரே ஆறுதல். யார் தலையிலும் தன் வேலையைப் போட வேண்டியிருக்கவில்லை.

அரங்கம் அவள் நினைத்ததைவிடச் சின்னது. எழுபது நாற்காலி, அதில் பாதி காலி. ஒப்பனை அறைக்கு வெளியே ஒருவன் காத்துக்கொண்டு நின்றான். கோட்டும் டையுமாக, கன்னம் ஒட்டிப்போய், கொஞ்சம் நரைத்திருந்த பியோ கிஜுன். அவன்தான் அன்று வர்ணனையாளர்.

"அக்கா" என்று குனிந்து வணங்கினான். "அப்படியே இருக்கீங்க."

"பொய் சொல்றதுக்கு உனக்குச் சம்பளம் தர்றாங்களா?"

அவன் சிரிக்கவில்லை. யாராவது வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். "அந்தத் தகுதிச் சுற்று... வேவுப் பூச்சி வரலேன்னதும் எனக்குப் புரிஞ்சுது. நீங்க வேவு அனுப்பாம ஒரு ஆட்டம்கூட ஆடினதில்ல. தெரிஞ்சும்தான் ஜெயிச்சேன். இத்தன வருஷமா யார்கிட்டயும் சொல்லல. இன்னைக்கு ஒளிபரப்புல சொல்லட்டுமா?"

உன்சில் விரல்களில் நாடா சுற்றிக்கொண்டிருந்தாள். இந்த வார்த்தைக்காகப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்ததாக அவள் நினைத்திருந்தாள். இப்போது கேட்கும்போது எங்கோ பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரி இருந்தது.

"வேண்டாம். என்னை அணியோட பூ அது இதுன்னு சொல்லாம இரு. நான் என்ன ஆடுறேனோ அத மட்டும் சொல்லு."

எதிராளியின் பெயர் பின் வூஜே. இருபத்தேழு வயது, சிறு பையனைப் போன்ற முகம், இரும்புப் படை ஆடுகிறவன். மூன்றில் இரண்டு ஜெயித்தால் மேலே போகலாம். முதல் ஆட்டத்தில் உன்சில் தன் வாழ்நாளிலேயே மிகச் சுத்தமாக ஆடினாள். மூன்று பக்கமும் வேவு அனுப்பினாள். அவன் ரகசியமாகக் கட்டிய கொட்டகையைக் கட்டும்போதே கண்டுபிடித்தாள். அவன் படை பாலத்தில் ஏறியதும் இரண்டு முனையையும் அடைத்தாள். பதினெட்டாவது நிமிடம் வூஜே தோல்வியை ஒப்புக்கொண்டான். முப்பது நாற்பது பேர்தான், இருந்தாலும் எழுந்து நின்று கத்தினார்கள்.

இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால் ஐந்து நிமிட இடைவேளை விட்டார்கள். ஆட்டக்காரருக்கான கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்திருந்தபோது அவளுக்குக் கத்திரியால் வெட்டிய பூட்ஸ் நினைவுக்கு வந்தது. அதற்குமேல் ஒன்றும் இல்லை, அந்தப் பூட்ஸ் மட்டும்தான். அவள் அதைத் தள்ளிவிட்டு ஆட உட்கார்ந்தாள். கை ஓடியது, ஆனால் ஒரு நொடி பின்னால் ஓடியது. வூஜே முதல் ஆட்டத்தில் பாடம் கற்றுக்கொண்டு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அடித்தான். ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. மூன்றாவதில் வலது கட்டைவிரல் மடங்கியது நிமிரவில்லை. இடது கையால் அதை நிமிர்த்திக்கொண்டு மறுபடி மவுஸைப் பிடித்தாள். அதற்குள் கூடு எரிந்துகொண்டிருந்தது.

வூஜே பெட்டிக்கு வந்து கைகுலுக்கினான். வீங்கிய விரல்களைத் தொட்டதும் பிடியைச் சட்டென்று தளர்த்தினான். "மன்னிச்சுக்குங்க" என்றான், எதற்கென்று தெரியாமல். கிஜுன் ஒளிபரப்பில் கடைசிவரை ஆட்டத்தைப் பற்றி மட்டுமே பேசினான்.

மான்சூ பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கணினியில் போடச் சொல்லிப் பார்த்திருந்தார். அவள் வீட்டுக்குள் நுழைந்ததும், "ரெண்டாவதுல நீ அங்க இல்ல" என்றார்.

"ஆமாப்பா."

"சோறு இருக்கு. சாப்பிடு."

அந்த ஆட்டத்தின் துண்டுகள் இணையத்தில் சுற்றின. கீழே எழுதியவர்களில் பாதிப்பேர் அவள் வயதைக் கிண்டல் பண்ணினார்கள். மீதிப்பேர் அழகு போய்விட்டதே என்று வருத்தப்பட்டார்கள். பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு வரிசையில் தட்டை நீட்டிக்கொண்டே, "சமையல் அத்தை, நீங்கதானே அது?" என்றார்கள். தகுதிச் சுற்றின் தேதியும் அதிலேயே இருந்தது. உணவுப் பொறுப்பாளர் கூப்பிட்டார். உன்சில் மறுக்கவில்லை. பொய்க்காரணம் காட்டி லீவு எடுத்ததாக எழுதி வாங்கி, எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். மாற்று ஆள் ஏன் வரவில்லை என்று அந்தக் கடிதத்தில் யாரும் எழுதவில்லை. சுன்ஜா அதுவரை ஒருவரிடமும் வாயைத் திறக்கவில்லை என்பது அப்போதுதான் உன்சிலுக்குத் தெரிந்தது.

மற்ற இருவரும் வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும் பேசினார்கள். உப்பு. தள்ளு. மூடு. குளிர்காலம் பிறக்கும்போது சுன்ஜா வேலைக்குத் திரும்பினாள். பூட்ஸ் போட முடியவில்லை. ஓரமாக உட்கார்ந்து காய் நறுக்கும் வேலை கொடுத்தார்கள். அவளும் உன்சிலும் ஒரே கூரையின் கீழ் மூன்று மாதம் இருந்தார்கள். ஒரு நாள்கூட சுன்ஜா கத்தவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. உன்சில் பக்கமாக வந்தால் கத்தி நறுக்குகிற வேகம் மட்டும் கூடும். வசந்தத்தில் உன்சில் வேறு பள்ளிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள்.

விளையாட்டுத் தொடர் அந்த ஒரு பருவத்தோடு நின்றுவிட்டது. வலது கட்டைவிரலுக்கு அறுவை செய்து நிமிர்த்தினார்கள். அந்தக் கை துடுப்பைப் பிடிக்கும், விளையாட்டுக்கு ஆகாது. உன்சில் அந்தக் கணினியில் அப்பாவுக்குப் பழைய குத்துச்சண்டைப் பந்தயங்களைப் போட்டுவிடுவாள். அவர் அதை விரும்பிப் பார்ப்பார். முன்பு ஒருபோதும் பார்த்ததில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து மான்சூ மூச்சுத் திணறி இறந்தார். இழவு மண்டபத்தில் கூட்டம் அதிகமில்லை. இரண்டாம் நாள் பிற்பகல் வாசலில் செருப்பைக் கழற்றத் தடுமாறிக்கொண்டு ஒருத்தி நின்றாள். கறுப்புக் கால்சட்டை, கையில் ஒரு ஊன்றுகோல். சுன்ஜா.

படத்துக்கு முன்னால் முழந்தாளிட்டு வணங்க அவளால் முடியவில்லை. ஒட்டுப்போட்ட தோல் அவ்வளவு மடங்காது. நின்றபடியே தலையைத் தாழ்த்தி, வெகுநேரம் அப்படியே நின்றாள். பிறகு உன்சிலுக்கு எதிரில் திரும்பித் தலைகுனிந்தாள். உன்சில் தரையில் விழுந்து வணங்கினாள். எழுந்துகொள்ளச் சிறிது நேரம் பிடித்தது.

சாப்பாட்டு மேசையில் சுன்ஜாவுக்கு எதிரே உட்கார்ந்து காரச் சூப்பையும் சோற்றையும் நகர்த்தி வைத்தாள். சுன்ஜா கரண்டியை எடுத்தாள், ஆனால் சாப்பிடவில்லை.

"உன் சமையல்கூடத்துல எத்தன பேரு?"

"அஞ்சு பேரு, அக்கா."

"இன்னைக்கு உன் இடத்துல யாரு நிக்கிறா?"

"மாற்று ஆள் வந்திருக்கு."

"நிஜமாவா?"

"நிஜமா. காலையில நானே போன் பண்ணிக் கேட்டேன். அவகூடயே பேசினேன்."

சுன்ஜா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டு, சோற்றைச் சூப்பில் கவிழ்த்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை உன்சில் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.